சூடு போடு

அந்த வருசத்துக் காப்பிக் காலம் ஒருவழியாக முடிந்தபோது அழகையாவின் உடம்பில் மிச்சம் என்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ஹந்தானை மலையில், கெலிஓயாவைப் பார்த்த சரிவிலிருந்த தோட்டத்தில் காப்பி ஸ்டோருக்கு அடுப்பெரிக்கிற வேலை அவனுக்கு. மழை பிடித்துக்கொண்டால் காப்பியைக் களத்தில் காயப்போட முடியாது. அந்த நாட்களிலெல்லாம் ஸ்டோரின் அடித்தட்டில் நெருப்பு மூட்டி, அந்தச் சூட்டை மேல்தட்டுக்கு ஏற்றித்தான் உலர்த்த வேண்டும். இந்த மலையில் மழை எந்த நாளில் பிடிக்காமல் இருந்தது? ஐப்பசியில் மூட்டிய அடுப்பு தை பிறந்துதான் அணைந்தது. அவனுடைய புருவம் பாதி கருகிப் போயிருந்தது. இருமினால் சளி கறுப்பாக வந்தது.

போகட்டும், இனி ஊர்தான் என்று நினைத்திருந்தான். அவனை ஊரிலிருந்து கூட்டி வந்த கறுப்பையா கங்காணியின் ஆட்கள் தைப்பூசம் கழிந்ததும் மூட்டை கட்டுவதாகப் பேச்சு. மாத்தளை, தம்புள்ளை என்று காட்டு வழியே நடந்து மன்னாரில் தோணி ஏறிக் கடல் தாண்ட வேண்டும். அந்த வழியில் கூட்டத்தை விட்டுத் தனியாகப் போனவன் ஊர் போய்ச் சேர்ந்தானா என்று கேட்டால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். காய்ச்சலும் பேதியும் ஒரு பக்கம், கரடியும் யானையும் ஒரு பக்கம். ஆகவே கங்காணியோடு போனால் போனதுதான், இல்லாவிட்டால் அடுத்த வருசம்.

அடுத்த வருசம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அவன் பெண்சாதி நல்லம்மா ஏழு மாதம். போன வருசம் மார்கழியில் இதே லயத்தில், கூலிகளின் வரிசைக் குடிசையில், ஒரு ஆண்பிள்ளையைப் பெற்றாள். பனி இறங்கும் காலம். தரை மண், கூரை புல், நடுவில் ஒரு கம்பளி. பிள்ளைக்கு மாரில் சளி கட்டி, பேர் வைப்பதற்குள் போய்விட்டது. அன்றைக்கே அவள் சொல்லிவிட்டாள், இன்னொன்று பெறுவதானால் அம்மா வீட்டில்தான் என்று. சொன்னதைச் செய்கிற பெண்பிள்ளை அவள்.

இந்த நேரத்தில்தான் பாம்பு வந்தது.

தோட்டத்துத் துரை இளவயது ஆள். பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் மலையுச்சி பங்களாவில் தனியாகக் கிடந்த மனுசன். மடவளை ஹாஷிம், தவளமாடு ஓட்டுகிறவர், அரிசியை மாட்டு முதுகில் ஏற்றி மேலே கொண்டு வந்து காப்பியைக் கீழே கொண்டு போகிறவர், ஒருநாள் அரிசியோடு சாக்கு மூட்டை ஒன்றும் கொண்டு வந்தார். தெல்தெனியப் பக்கத்துக் காட்டில் பிடித்த மலைப்பாம்பு. துரை அதைக் கண்டதும் சின்னப் பிள்ளை மாதிரி கைகொட்டினார். ஆசாரியைக் கூப்பிட்டுக் கம்பி வலை வைத்த பெரிய பெட்டி செய்வித்து, பங்களாவுக்குப் பின்னாலிருந்த சாமான் அறையில் வைத்துக்கொண்டார்.

தெல்தெனியா வெக்கையான இடம். அங்கே சுகமாக இருந்த சீவனை இந்தக் குளிரில் கொண்டுவந்து அடைத்தால் என்ன ஆகும்? சுருண்டது சுருண்டபடி கிடந்தது. கோழி விட்டுப் பார்த்தார்கள். அந்தக் கோழி பாம்பின் முதுகிலேயே ஏறி உட்கார்ந்து தூங்கியது. அதோடு விடவில்லை, முட்டையும் இட்டது.

துரைக்குக் கவலை பிடித்துக்கொண்டது. ஸ்டோர் வாசலில் களைத்துப் போய் உட்கார்ந்திருந்த அழகையாவைக் கூப்பிட்டார். அவருக்குத் தமிழ் வரும். வரும் என்றால், கங்காணிமாரோடு பேசிப் பழகிய தமிழ், கையில் அகப்பட்ட சொல்லை எடுத்து வீசுகிற தமிழ்.

"அழகையா, நீ நெருப்பு ஆள். பாம்பு சோம்பல். பாம்புக்கு சூடு போடு."

"சூடா துரை?"

"ஓ, சூடு. நல்லா போடு. சுறுக்கா போடு."

சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் அழகையாவின் இடத்தில் நீங்கள் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள். மாடு படுத்துவிட்டால் சூடு போடுவார்கள். பிள்ளைக்கு இழுப்பு வந்தால் சூடு போடுவார்கள். ஹாஷிமுடைய மாடுகளைப் பாருங்கள், ஒவ்வொன்றின் தொடையிலும் விலாவிலும் கோடு கோடாகச் சூட்டுத் தழும்பு. சோம்பிக் கிடக்கிற சீவனுக்குச் சூடு போடு என்று துரையே சொன்னால் அதற்கு வேறு என்ன அர்த்தம்? மனுசனுக்குத் தூக்கம் வேறு கண்ணைச் சுழற்றியது. இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி எடுத்துப் போய், பாம்பின் வால் பக்கம் மூன்று இழுப்பு இழுத்துவிட்டான்.

தோல் கருகின பிறகுதான் அது மெதுவாக அசைந்தது. அவ்வளவு மரத்துப் போயிருந்தது.

"கொஞ்சம் அசையுதுங்க துரை," என்று கம்பியும் கையுமாகப் போய் நின்றான் அழகையா.

துரை ஓடிவந்து பார்த்துவிட்டுக் குதித்த குதியைத் தோட்டமே கண்டது. "நான் சூடு சொன்னேன், சூடு! அடுப்புச் சூடு! கதகத!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். கங்காணி வந்து எடுத்துச் சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் விசயம் விளங்கியது. ஆனால் விளங்கி என்ன? துரைக்குக் கோபம் இறங்கவில்லை.

"நீ சுட்ட. நீயே சுகம் பண்ணு. பாம்பு தின்னும், நீ ஊர் போகும். பாம்பு தின்னாது, நீ போகாது," என்றார்.

அவ்வளவுதான் தீர்ப்பு. துரை சீட்டுக் கொடுக்காமல் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு இறங்கினால் கங்காணிக்குத்தான் கேடு. அதனால் கறுப்பையா கங்காணியும் கையை விரித்துவிட்டார். "அழகா, எப்பிடியாச்சும் அதைத் திங்க வச்சிரு. பூசம் கழிஞ்சா நான் நிக்க மாட்டேன். சனம் பூரா கால் பரபரத்துக்கிட்டு கெடக்குது," என்றார்.

நல்லம்மா கேட்டுவிட்டு அடுப்பங்கல்லில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "ஊர்ல உள்ளவ புருசன் எல்லாம் குடிச்சிக் கெடுக்கிறான், சூதாடிக் கெடுக்கிறான். ஏம் புருசன் பாம்புக்குச் சூடு போட்டுக் கெடுத்தாரு," என்றாள். திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

அன்றிலிருந்து மறுபடியும் அடுப்பு. காப்பிக்கு எரித்துக் களைத்தவன் பாம்புக்கு எரிக்கத் தொடங்கினான்.

முதலில் நெருப்புச் சட்டியைப் பெட்டிக்குள்ளேயே வைத்தான். கதவைச் சாத்தியிருந்த அறையில் புகை மண்டி, அவனுக்கே தலை சுற்றிக் குமட்டியது. பாம்பு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. துரை வந்து சட்டியை வெளியே எடுத்து வைத்து, சன்னலைத் திறந்துவிட்டார். "காத்து வேணும். காத்து இல்லை, நீயும் சாகும் பாம்பும் சாகும்," என்றார். அது நியாயம்தான்.

அடுத்தது கல். அடுப்பில் கல்லைக் காயவைத்துச் சாக்கில் சுற்றி உள்ளே வைத்தான். பாம்பு அதைக் கண்டதும் ஊர்ந்து வந்து கட்டிக்கொண்டது. அழகையாவுக்கு ஒரே சந்தோசம். போய்க் கஞ்சி குடித்துவிட்டு வந்து பார்த்தால் சாக்கு கருகி நாறுகிறது. பாம்பின் அடிவயிறு கொப்புளித்திருக்கிறது. அது நகரவேயில்லை. சுடுகிறது, விலகுவோம் என்ற புத்தி அதற்கு இல்லை. தன்னைச் சுடுவதையே கட்டிக்கொண்டு கிடந்தது.

"என்னா சீவன் இது!" என்று அழகையா அதனிடமே அலுத்துக்கொண்டான். "ஒன்னைச் சுடுது, ஒனக்குத் தெரியலியா? நாஞ் சொல்லியா குடுக்கணும்?"

பிறகு துரையும் அவனுமாக யோசித்தார்கள். துரையும் ஒன்றும் தெரியாதவரில்லை. அவரிடம் பாதரசம் ஏறி இறங்கும் கண்ணாடிக் குச்சி ஒன்றிருந்தது. பாம்பின் மேல் நெருப்பு படக்கூடாது, புகை உள்ளே வரக்கூடாது, சூடு ஒரு பக்கத்தில் மட்டும் இருக்க வேண்டும், அப்போதுதான் வேண்டியபோது வந்து வேண்டாதபோது போகும். இவ்வளவையும் துரை அரைகுறைத் தமிழிலும் கைச்சாடையிலும் சொன்னார். ஸ்டோரில் மேல்தட்டுக்குச் சூடு ஏற்றுவது போலத்தான் என்று அழகையாவுக்குப் பிடிபட்டது. அறையின் சுவரில் கீழே ஓட்டை போட்டு, அடுப்பை வெளிப்புறம் வைத்தான். செங்கல்லால் சின்னதாக ஒரு சூட்டு வாய்க்கால் கட்டி, புகை மறுபக்கத்தால் வெளியேற வழி விட்டான். அந்த வாய்க்கால் பெட்டியின் பாதிக்குக் கீழே மட்டும் ஓடியது. அதன் மேல் தகரம், தகரத்தின் மேல் பெட்டி, பெட்டிக்குள் ஒரு சாண் மணல். மறுபாதி குளிர்ந்தே இருக்கும். அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டி.

விறகுக்குப் பதில் காப்பித் தொலியைப் போட்டான். அது குப்பென்று எரியாது, உள்ளுக்குள்ளேயே கனன்று கிடக்கும். ஆனால் பக்கத்திலேயே இருந்து கிளறிக் கொடுக்க வேண்டும். விட்டால் அணையும், ஒரு பிடி கூடுதலாகப் போட்டால் மணல் சுடும். அழகையா புறங்கையை மணலில் வைத்துப் பார்ப்பான், கன்றுக்குட்டியின் வயிற்றைத் தொட்டது போல இருக்க வேண்டும். துரை குச்சியைச் செருகிப் பார்ப்பார். கையும் குச்சியும் ஒத்துப்போன அன்றைக்குத் துரை அவன் தோளில் தட்டிக் கொடுத்தார்.

பாம்பு மணலில் வந்து படுத்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே குளிர்ப் பக்கம் போனது. திரும்பி வந்தது. புண் ஆறத் தொடங்கியது. நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தது. எல்லாம் செய்தது, தின்பதை மட்டும் செய்யவில்லை.

அழகையாவும் நல்லம்மாவும் மாறி மாறி அடுப்பைப் பார்த்தார்கள். அவன் கண்ணயர்ந்தால் அவள், அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனால் அவன். இருவரும் சேர்ந்து படுத்தது எப்போது என்று அவர்களுக்கே நினைவில்லை. பேசுவதும் குறைந்துவிட்டது. "தொலி போட்டியா?" "போட்டேன்." அவ்வளவுதான் புருசன் பெண்சாதிப் பேச்சு.

ஹாஷிம் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தார். "நாலு மாசம் அஞ்சு மாசம் தின்னாமலும் ஈக்கும் வாப்பா, இது. அதுக்கென்ன அவசரம்?" என்று சிரித்தார். அழகையாவுக்கு அழுகை வந்தது. வெட்கத்தை விட்டு அழுதும் விட்டான். ஹாஷிம் விசயத்தைக் கேட்டுப் பயந்துபோய், "எனக்குத் தெரியாதே, தெரிஞ்சா இதக் கொணந்தே ஈக்க மாட்டேனே," என்று சொல்லிக்கொண்டே மாட்டை ஓட்டிக்கொண்டு இறங்கினார்.

பூசமும் வந்தது. மறுநாள் விடிந்தால் பயணம். அந்திக்கு முன்னால் நல்லம்மா சாமான் அறைக்கு வந்தாள். பெட்டிக்குள் புதுக் கோழி ஒன்று, பாம்பைத் தாண்டிப் போய்த் தொட்டித் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, அந்தக் கோழியப் புடிங்க."

"எதுக்கு?"

"நாம திம்போம். பாம்பு தின்னுருச்சின்னு சொல்லுங்க."

அழகையா அவளைப் பார்த்தான். இவ்வளவு நாளும் இது ஏன் தன் மண்டையில் ஏறவில்லை என்றிருந்தது.

"துரை பெட்டியத் தொறந்து பாத்தா?"

"சுருண்டு கெடக்கிறதுக்குள்ள என்னா இருக்குன்னு அவருக்கு எப்பிடித் தெரியும்? புடிங்கங்கிறேன். எனக்கும் வாய்க்கு ருசியா எதாச்சும் திங்கணும்போல இருக்கு."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவனை எழுப்பியது. லயத்தில் கோழிக்கறி வாசனை எழும்பாதபடி மிளகும் உப்பும் மட்டும் போட்டு அவித்தாள். வயிறாரத் தின்றாள். இறகைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு அழகையா பங்களாவுக்கு ஓடினான்.

"துரை! தின்னுருச்சிங்க! முழுசா முழுங்கிருச்சி!"

துரை வேட்டைக்குப் போகிறவர் மாதிரி ஓடிவந்தார். வலை வழியாகக் குனிந்து பார்த்தார். பாம்பு மணலில் சுருண்டு கிடந்தது. "அதோ, வயிறு! பெருசு!" என்றார். அங்கே ஒன்றுமில்லை, ஆனால் துரைக்குத் தெரிந்தது. பாவம், அந்த மனுசனுடைய முகத்தில் அப்படியொரு சிரிப்பை அழகையா அதற்கு முன் கண்டதில்லை.

"அப்ப நாங்க நாளைக்கு..."

"நோ நோ! இப்பதான் சூடு ரொம்ப வேணும்!" துரை கையை ஆட்டினார். "உள்ள கோழி இருக்கு. சூடு இல்லை, கோழி அழுகும், பாம்பு சாகும். புஸ்தகத்துல இருக்கு. வயிறு சின்னதாகும், அப்புறம் நீ போ. நீதான் நல்ல ஆள். வேற ஆளுக்குத் தெரியாது."

போச்சு. இல்லாத கோழி செரிக்கும் வரை காத்திருக்க வேண்டும். இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

பெண்சாதியிடம்தான் சொன்னான். அவள் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். மூட்டையை இறுகக் கட்டினாள்.

விடிந்தது. ஆட்களைப் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் சனம் கூடிவிட்டது. கங்காணியின் குரல் மலை முழுக்கக் கேட்டது. நல்லம்மா மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு களத்துக்குப் போகாமல் நேரே பங்களாவுக்கு ஏறினாள். அழகையா பின்னாலேயே ஓடினான். "ஏய், வேணாம்புள்ள, தோலை உரிச்சிருவாரு," என்றான். அவள் காதில் வாங்கவில்லை.

துரை கதிரையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"துரை, அது தின்னலைங்க," என்றாள் நல்லம்மா.

"என்ன?"

"கோழியப் பாம்பு தின்னல. நாந்தான் தின்னேன். இவரு பொய் சொன்னாரு, நான்தான் சொல்லச் சொன்னேன்."

துரை அழகையாவைப் பார்த்தார். அழகையா தலையைக் குனிந்துகொண்டான்.

"ஏன் பொய்?"

"ஏனா? போன வருசம் மார்கழியில ஒரு புள்ள பெத்தேன், துரை. ஆம்பளப் புள்ள. ஒங்க லயத்துலதான். பனியில வெறச்சி, இருமி இருமிச் செத்துச்சி. இவரு ஸ்டோர்ல காப்பிக்கு நெருப்பு போட்டுக்கிட்டு இருந்தாரு." மூட்டையைத் தலையில் இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டாள். "இந்தப் புள்ளைய நான் இங்க பெத்துப் போட மாட்டேன். அடிக்கிறதுன்னா அடிங்க. கட்டிப் போட்டாலும் அவுத்துக்கிட்டுப் போவேன்."

துரைக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. லயத்தில் செத்த பிள்ளைகளின் கணக்கு பங்களா வரைக்கும் ஏறுவதில்லை. அவர் அவளுடைய வயிற்றைப் பார்த்தார். அப்போதுதான் முதல்முறை பார்க்கிறவர் போல இருந்தது. அவர் காது சிவந்தது, கழுத்து சிவந்தது. திடீரென்று எழுந்து, கதிரை பின்னால் விழ, கத்தினார்.

"போ! ரெண்டு பேரும் போ! பொய் ஆள் எனக்கு வேண்டாம்! இந்தத் தோட்டத்துக்கு இனிமே வரக்கூடாது! அடுப்பு வேலை இல்லை, ஒரு வேலையும் இல்லை. போ!"

"சரிங்க துரை," என்றாள் நல்லம்மா. சொன்ன வேகத்தைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவாள் போலிருந்தது.

துரை அப்படியே ஒரு சீட்டைக் கிறுக்கி எறிந்தார். அழகையா அதைப் பொறுக்கிக்கொண்டு திரும்பினான். இனி இந்த மலையில் வேலையில்லை, ஊரில் என்றைக்குமே வேலை இருந்ததில்லை. அதையெல்லாம் யோசிக்க அவனுக்குச் சக்தியில்லை. படியிறங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அழகையா. நில்."

நின்றான்.

"அந்த நெருப்பு... எப்படி?" என்றார் துரை. இப்போது கத்தவில்லை.

அழகையா நல்லம்மாவைப் பார்த்தான். அவள் போங்க என்று முகத்தால் சாடை காட்டினாள். துரையும் அவனும் சாமான் அறைக்குப் பின்னால் போனார்கள். துரை தன் வெள்ளைக் கால்சட்டையோடு அடுப்புக்கு முன்னால் குந்தினார்.

"ஒரு புடி. அதுக்கு மேல போடக்கூடாதுங்க. அணையப்போற மாதிரி இருக்கும், அணையாது. இந்தப் பக்கம் எப்பவும் குளுந்தே இருக்கணும். கைய வச்சிப் பாருங்க. ஒங்களுக்குச் சுட்டா அதுக்கும் சுடும். அதுக்குச் சொல்லத் தெரியாது."

துரை தொலியை அள்ளிப் போட்டு ஊதினார். சாம்பல் எழும்பிக் கண்ணில் விழுந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டே மறுபடி ஊதினார். அழகையா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் இறங்கினான்.

கூட்டத்தைக் கண்டிக்குக் கீழே கட்டுகஸ்தோட்டையில்தான் பிடித்தார்கள். மகாவலியைக் கடக்க அங்கே பாதை போட்டிருந்தது, இரண்டு தோணிகளைப் பிணைத்து மேலே பலகை பரப்பினது. சனமும் மூட்டையும் ஹாஷிமுடைய மாடுகளுமாக ஒரே நெரிசல். வெயில் ஏறிவிட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு முதுகில் விழுந்த நல்ல வெயில். நல்லம்மா மூட்டையில் சாய்ந்துகொண்டாள். அழகையா அவள் பக்கத்தில் உட்கார்ந்ததும் தலை தொங்கிவிட்டது.

நடு ஆற்றில் திடுக்கிட்டு எழுந்தான். கை இரண்டும் பலகையைத் துழாவின. "தொலி... தொலி போடலியே! அணைஞ்சிருமே!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நல்லம்மா சிரிக்கவில்லை. அவன் தலையைப் பிடித்துத் தன் மடியில் சாய்த்தாள்.

"அணைஞ்சா அணையட்டும்," என்றாள். "நீங்க தூங்குங்க."